உப்பு இருக்கும் அறை

சம்மாந்துறை, ஆய்வுகூடத்துப் பின்னறை.
யன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்திருக்கிறோம்.
வெளியே மில்லில் நெல் அவியும் மணம்.
உள்ளே மெர்க்குரி விளக்கு சூடேறப் பத்து நிமிடம்.

தேடுவது ஒரு புரதம்.
கரைவாகு வட்டையில் உவர் ஏறிய மூலையில்
மற்றதெல்லாம் நுனி கருகி நிற்க
பச்சையாய் நின்ற ஒரு நெல்லின்
வேர் நுனியில், ஒரு கலத்தில், எங்கேயோ.
எங்கே என்பதுதான் மூன்று வருடக் கேள்வி.

வெளிச்சவ்வில் நின்றால் அது வாசற்காவல்:
வந்த உப்பை வந்த வழியே தள்ளும்.
உள்ளே, புன்வெற்றிடத்தின் சவ்வில் நின்றால்
கதை வேறு.
உப்பை வரவிட்டு, அறையில் போட்டுப் பூட்டி
அதோடு குடித்தனம் நடத்துகிற நெல்.

எங்கோ ஒரு தேசத்து முயலின் உடம்பில்
இந்தப் புரதத்தின் துண்டை ஏற்ற,
அந்நியமென்று கண்டு
முயல் செய்த பிறபொருளெதிரி,
சிமிழில் ஐம்பது மைக்ரோலீற்றர்.
அது போய்ப் புரதத்தைப் பிடிக்கும்.
அதைப் பிடிக்க ஓர் ஆட்டினுடையது;
ஆட்டின் வாலில் கட்டிய பச்சை ஒளிர்வு.
"தான் பிடித்த முயலுக்கு மூன்று கால்"
என்று எனக்கு நானே எழுதி
ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

போன கிழமை, முயலே சேர்க்காத துண்டும் ஒளிர்ந்தது.
ஆடு கண்ட கண்ட சுவரில் உரசியிருக்கிறது.
நான்கு மாதத்துப் படங்கள், எண்பத்தாறு,
அத்தனையும் போயின.
ஜெஸீமா ஒன்றும் பேசவில்லை.
பால்மாப் பக்கெட்டைப் பிரித்துக் கரைத்து
அரை மணிக்குப் பதில்
இராமுழுக்க ஊறவிட்டாள்.

இன்று அந்தத் துண்டு இருட்டு.
இவ்வளவு சந்தோஷமான இருட்டை நான் பார்த்ததில்லை.

மற்றதில் வளையங்கள்.
நீலக் கரு ஓரத்தில் ஒதுங்கியிருக்க
மெல்லிய பச்சை, கலம் கலமாய்.
பார்க்கப் பார்க்க மங்குகிறது;
பார்க்கிற வெளிச்சமே அதைத் தின்கிறது.
எடு, எடு, மூடு என்று கத்துகிறேன்.
ஏழாவது படத்தில் கரண்ட் போயிற்று.

வளையம் சரி. எந்தச் சவ்வில்?
முதிர்ந்த கலத்தில் புன்வெற்றிடம் ஊதிப்போய்
உள்சவ்வு வெளிச்சவ்வில் முதுகு சாய்த்திருக்கும்.
ஒளிக்கு இரண்டும் ஒரே கோடு.
அதன் விரல் அவ்வளவு தடிப்பு.

ஆகையால் பிசினில் உறைந்த வேர்
அரிசி மணியளவுக் கட்டையாய்
கல்முனையிலிருந்து இரவு பஸ்ஸில் மலையேறிற்று,
இலத்திரன் நுணுக்குக்காட்டி இருக்கும் ஊருக்கு.
இந்த முறை ஆட்டின் வாலில் பச்சை இல்லை, பொன்.
"எத்தனை பவுண்?" என்றாள் ஜெஸீமா.
ஒரு மணி, பத்து நனோமீற்றர்.
எந்த அடகுக் கடையும் எடுக்காது.

படம் வர ஆறு கிழமை.
நிறமில்லை, மினுக்கமில்லை. சாம்பல் தரை.
இரண்டு சவ்வும் இரண்டாய்,
நடுவில் ஓர் ஒழுங்கை.
கறுப்புப் புள்ளிகளை எண்ணினோம்.
உள்சவ்வில் பதினொன்று.
வெளியில் மூன்று.
ஒன்று, கலச்சுவருக்குள், எந்த நியாயமும் இல்லாமல்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
இந்த நெல் உப்பையே உள்ளே வைத்திருக்கிறது.
நன்றியாக அல்ல, பூட்டி.

வரம்பில் குந்தியிருந்து றம்ஸீன்
படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
அவனுடைய வயல்தான் அந்த மூலை.
"அப்ப உப்பு வைக்கோலுக்கயும் கிடக்குமா?
அதான் மாடு அந்தக் கட்ட மட்டும் நக்கி நக்கித் திண்டது."

நான் வெட்டியது வேர்.
இலையை இன்னும் வெட்டவில்லை, தெரியாது என்றேன்.
"மூணு வருசமா?" என்று கேட்டுவிட்டு
தண்ணி பார்க்கப் போனான்.

அறிக்கையில் பதினொன்றை எழுதினேன்.
மூன்றை எழுதினேன்.
சுவருக்குள் நின்றதற்கு ஓர் அம்புக்குறி போட்டு
பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை.
கொப்பியின் கடைசித் தாளில், பென்சிலால்:
அடுத்த வேளாண்மைக்கு, இலை.
அதற்குக் கீழே: மாடு.