தீனிப்பை

இரவில் கூண்டுக்குள் கைவிட்டு
ஒவ்வொருத்தியின் கழுத்தடியையும் தொட்டுப் பார்ப்பேன்.
நிறைந்திருக்க வேண்டும்,
ஈர மணலை முடிந்த துணி மாதிரி.
விடியலில் மறுபடி தொடுவேன்.
வற்றியிருக்க வேண்டும்.
இரண்டுக்கும் நடுவில், இருட்டில் நடப்பதுதான் ஆரோக்கியம்.
மற்றதெல்லாம் தீவனக் கடைக்காரன் பேச்சு.

விளக்கு வேண்டாம் எனக்கு.
பதினோரு வருடம் சால்மன் தொழிற்சாலையில்
சதைக்குள் ஒளிந்த முள்ளைத் தடவியே பிடுங்கிய விரல்கள் இவை.

சிலோயே தீவின் மழைக்கு விடுப்பு கிடையாது.
மண் காய்வதே இல்லை, அதனால்
இறவாணத்தின் கீழ் பாதிப் படகு ஒன்றை இழுத்துப் போட்டு
அடுப்புச் சாம்பலும் சலித்த மண்ணும் நிரப்பியிருக்கிறேன்.
அதில் புரண்டு, இறக்கை விரித்து,
ஒரு கண்ணை மட்டும் திறந்து கிடப்பார்கள்.
கணக்கெடுக்க வந்த பெண் பார்த்துவிட்டு
"ஐயோ, எல்லாம் செத்துப்போச்சு" என்றாள்.
பேன்தான் செத்தது, அம்மா.

ஓட்ஸை வாளியில் மூன்று நாள் ஊறவிடுவேன்,
நுரை கட்டி, ஆப்பிள் மதுவின் நெடி ஏறும்வரை.
கடல் உள்வாங்கும் நேரம் பார்த்து இறங்கி
பாசி அள்ளி வந்து அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயவைப்பேன்.
தின்று முடித்த சிப்பியின் ஓட்டைச் சுட்டு
சுத்தியலால் நொறுக்கித் தனிக் கிண்ணத்தில்.
யாருக்கு எவ்வளவு வேண்டும் என்று அவர்களுக்கே தெரியும்.
முட்டையின் ஓடு கடலிலிருந்து வருகிறது, சரி.
நீலம் எங்கிருந்து வருகிறது?

காஞ்சொறியின் மேல் வெந்நீர் ஊற்றினால்
அதன் கோபம் போய்விடும்.
உருளைத் தோலையும் வேகவைத்துத்தான் போடுவேன், அதிலும்
பச்சை பாரித்தது ஆகாது.
நோல்பெர்த்தோவிடம் நூறு தடவை சொல்லியாயிற்று.
அவர் வேலிக்கு மேலே வாளியைக் கவிழ்த்துவிட்டு
"கோழிக்கு என்ன தெரியும்" என்பார்.

இவ்வளவு தெரிந்தும் செம்பியைக் கொன்றேன்.
குடலில் புழு. பூண்டு கொடுத்தேன், பூசணி விதை கொடுத்தேன்,
இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று ஒரு மாதம் இருந்தேன்.
கடைசியில் தூக்கினால் கையில் இறகுதான் இருந்தது.
கால்நடை மருத்துவர் யஸ்னா திட்டவில்லை.
"பூண்டு சூப்புக்கு நல்லது" என்றாள், அவ்வளவுதான்.
அன்றிலிருந்து அவள் தந்த புட்டியும் பூண்டும்
ஒரே அலமாரியில், தோள் உரசிக்கொண்டு.

ஜூன் மாதம், வாலில்லாத கொயொங்காவின் தீனிப்பை
விடிந்தும் வற்றவில்லை.
உள்ளே உருண்டையாக, கெட்டியாக ஏதோ.
புல்லை நறுக்காமல் நீளமாக அள்ளிப் போட்டது நான்.
அன்று என் மேலங்கிப் பையில்
தொழிற்சாலை கொடுத்த காகிதம் ஒன்று, நான்காய் மடித்தபடி.
இரவு ஷிஃப்டை மூடுகிறார்களாம்.
பெயர்ப்பட்டியல் உள்ளே. பிரிக்கவில்லை.

"தலைகீழாகப் பிடித்து உதறு" என்றார் நோல்பெர்த்தோ.
"உதறினால் மூச்சுக்குழலில் ஏறிச் சாகும்" என்றாள் யஸ்னா, தொலைபேசியில்.
மடியில் வைத்துக்கொண்டேன்.
தீனி இல்லை. தண்ணீர், நாலு சொட்டு எண்ணெய்,
பிறகு விரல்கள்,
பிசைந்து, நிறுத்தி, பிசைந்து.
அவள் என் மணிக்கட்டைக் கொத்திக்கொண்டே இருந்தாள்.
கொத்தும்வரை பயமில்லை.

மூன்று இரவு அடுப்படியில் அப்படியே.
மரம் ஈரம், புகை கண்ணைக் கரித்தது.
புகைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாலாம் நாள் கழுத்தடி தொளதொளவென்று இருந்தது.
வைக்கோலில் பச்சையாக, நாற்றமடிக்கும் ஒரு குவியல்.
அதற்கு நான் கைதட்டினேன்.

காகிதத்தை அதன் பிறகு பிரித்தேன்.
இருபத்திமூன்றாவது வரி.

கொயொங்கா ஆறு வாரம் முட்டையிடவில்லை.
நானும் அவளிடம் கணக்குக் கேட்கவில்லை.
புல்லை இப்போது விரற்கடை நீளத்துக்கு வெட்டுகிறேன்,
திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்ட
தொழிற்சாலைக் கத்தரிக்கோலால்.
எத்தனை கழுவினாலும்
அதில் இன்னும் மீன் வாசம்.
கோழிகளுக்கு அது பிடித்திருக்கிறது.