ஏழாம் நம்பர் மலை

தீபாவளி முடிந்து பன்னிரண்டாம் நாள்.
பையில் நமுத்த முறுக்கு, ஒரு பாராங் கத்தி,
மூன்று மணி மழைக்கு முன்னால்
ஏறி இறங்கிவிடலாம் என்று ஒரு கணக்கு.

எடைமேடைக் கூண்டிலிருந்து
ஒன்பது வருஷமாய்ப் பார்க்கிறேன் இதை.
லாரி வரும், எண் எழுதுவேன், நிமிர்ந்தால் மலை.
மலை என்று சொன்னால்
கேமரனில் பிறந்த அப்பளசாமி சிரிப்பான்.
"இது மேடு" என்பான்.
மேட்டுக்கு வழி தெரியாமல் என்னோடு
இரண்டு ஞாயிறு திரும்பி வந்தவனும் அவன்தான்.

முதல் ஞாயிறு செம்பனைக்குள் நுழைந்தோம்.
எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே மரம்,
அதே மட்டைக் குவியல்,
எங்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன
அதே உடும்பு.
அடுத்த ஞாயிறு
அவன் கைப்பேசியின் நீலப் புள்ளி
எங்களை ஆற்று நடுவில் நிறுத்தி வைத்திருந்தது.
நின்றதோ சேற்றில். கால் நிறைய அட்டை.
உப்பு அவன் எடுத்து வருவான் என்று நானும்
நான் எடுத்து வருவேன் என்று அவனும்.
வீடு வரைக்கும் பேசவில்லை.

இன்று
முள்வேலி தாண்டி, லாலாங் புல் தாண்டி,
சரிவு அதிகம் என்று
செம்பனை நடாமல் விட்ட இடம்.
பால்மரங்கள்.
எது நட்டது, எது தானாக வந்தது
என்று பிரிக்க முடியாத காடு.
நின்றுவிட்டோம்.
ஒதுங்கப் போன அப்பளசாமி
அங்கிருந்தே கத்தினான்:
"இங்க வந்து பாரு, எல்லாம் ஒரே பக்கம் பாக்குது!"

வெட்டு.
பட்டையில் சாய்ந்து இறங்கிய பழைய வெட்டு,
ஆறிப் புடைத்து.
மங்கு கட்டிய கம்பியை மரம் பாதி விழுங்கியிருந்தது.
ஆள் நின்ற பக்கம்தானே வெட்டு இருக்கும்.
ஆள் நின்ற பக்கம்தானே தடம் இருக்கும்.

ஒரு தழும்பிலிருந்து அடுத்த தழும்புக்கு நடந்தோம்.
இலைகளுக்கு அடியில்
படியாக வெட்டிய மண்
இன்னும் கெட்டியாகத்தான் இருந்தது.
யாருடைய நிரை என்று நான் கேட்கவில்லை.
அவனும் கேட்கவில்லை.
மூச்சு வாங்கியது இருவருக்கும்.

முக்கால் உயரத்தில் தழும்புகள் நின்றன.
அதற்கு மேல் பாறை, பிரம்பு,
பெயர் தெரியாத மரங்கள்.
பாலுக்கு வந்தவர்கள்
பால் முடிந்த இடத்தில் திரும்பியிருக்கிறார்கள்.
உச்சிக்குப் போக
யார் கூலி கொடுத்தார்கள்?

பிறகு பன்றித் தடம்.
பிரம்பு முள் கடன்காரன் மாதிரி
சட்டையைப் பிடித்துக்கொண்டது.
ஒரு கையை விடுவித்தால் மறு கை.
அப்பளசாமி இப்போது மேடு என்று சொல்லவில்லை.

உச்சியில் ஒன்றும் தெரியவில்லை.
ஒன்பது வருஷமாய் நினைத்திருந்தேன்,
இங்கிருந்து என் கூண்டு
தீப்பெட்டி அளவில் தெரியும் என்று.
சுற்றிலும் இலை. இலைக்குப் பின்னால் இலை.

கேட்டது மட்டும்.
பாகாவ் சாலையோரச் சந்தையில்
ஒலிபெருக்கியில் ஒருவன்
கெம்போங் மீனுக்கு விலை குறைத்துக்கொண்டிருந்தான்.
ஆலை இரைச்சல்.
அப்புறம் எடைமேடையில் ஒரு லாரி
ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது.
ஞாயிற்று முறைக்காரன் தூங்கியிருப்பான்.

"எழுந்திரு சற்குணம்" என்றேன்,
எதிரில் நின்ற மரத்திடம்.

முறுக்கைப் பிரித்தோம்.
மழை சொன்ன நேரத்துக்கு முன்பே வந்தது.
முதலில் தலைக்கு மேலே, வெகு உயரத்தில்,
யாரோ அரிசி புடைக்கிற மாதிரி.
நாங்கள் நனைய
இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.