கடைமடைக்குப் பதில்

மன்னார்குடி ஒன்றிய அலுவலகத்தின் மாடியில்
இருபத்திரண்டு வருஷமாக ஒரே நிரல்.
சிட்டா பார்ப்பதும் அதுதான், ஈரப்பதம் குறிப்பதும் அதுதான்,
சாக்குக் கணக்கும், வங்கிக்குப் போகும் பட்டியலும்.
சாக்கில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினால்
பட்டுவாடா நின்றுபோகும்.
எழுதியவர் பெயர் முதல் வரியில் இருந்தது:
ச. தர்மாம்பாள்.
எங்கே இருக்கிறார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

நான் படம் வரைந்தேன்.
ஆறு பெட்டிகள், இடையே அம்புகள்.
பெட்டி ஒவ்வொன்றும் ஒரு சேவை,
அம்பு ஒவ்வொன்றும் ஒரு வாக்கு:
இன்னது கேள், இன்னது தருவேன்,
உள்ளே எப்படிச் செய்கிறேன் என்று எட்டிப் பார்க்காதே.

புரியட்டுமே என்று காவிரியை இழுத்தேன்.
கல்லணையில் பிரிந்து,
மூணாறு தலைப்பில் மறுபடி பிரிந்து
கோரையாறும் பாமணியும் போகிறதில்லையா,
அப்படித்தான் இதுவும்.
எல்லோரும் தலையாட்டினார்கள்.
இடும்பாவனம் கொள்முதல் நிலைய எழுத்தர் ஜொஹரா மட்டும்
பேனாவை மூடி வைத்தார்.

"தண்ணி பதில் சொல்லாது மேடம்.
திறந்துட்டோம்னு மேல சொல்வாங்க.
வரலைன்னு நாங்க சொல்வோம்.
பதிவேட்டில் ரெண்டும் உண்மை.
உங்க அம்பு கடைமடைக்கு வந்து சேரலைன்னா
வரலைன்னு யார் சொல்றது?"

அன்றிரவு நீடாமங்கலம் ரயில்வே கேட்டில்
பஸ் எஞ்சினை அணைத்துவிட்டது.
ஒரு சரக்கு வண்டி. இன்னொன்று. பிறகு வெறும் இருட்டு.
எவ்வளவு நேரம் காத்திருப்பது,
அதன்பின் என்ன செய்வது,
இதையும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும் என்று
கைபேசியில் குறித்துக்கொண்டேன்.
சுண்டல் விற்றவர் இரண்டு முறை வந்துபோனார்.

'விவசாயி' என்ற ஒரு சொல்லுக்கு
மூன்று வாரம் போனது.
கணக்குப் பிரிவுக்கு அது ஒரு வங்கிக் கணக்கு.
கொள்முதலுக்கு ஒரு சர்வே எண்.
குத்தகைக்கு உழுகிறவர்
இரண்டிலும் இல்லை.
"என் டேபிளை வெளியாள் தொடக்கூடாது"
என்றார் குஞ்சிதபாதம்.
தொட மாட்டோம், கேட்போம், நீங்கள் சொல்லுங்கள் என்றேன்.
"கேட்டால் சொல்ல வேண்டுமா?"
அதற்குப் பெயர்தான் சேவை என்று சொல்ல
எனக்கு நாக்கு எழவில்லை.

புரட்டாசி மழையோடு குறுவை நெல் வந்தது.
இடும்பாவனத்தில் சிக்னல் போவதும் வருவதுமாக.
எடைச் சேவை கேட்டது,
பட்டுவாடா பணம் போட்டது,
பதில் மட்டும் வழியில் விழுந்தது.
பதில் காணாமல் எடை மறுபடி கேட்டது.
நாற்பத்தொரு சிப்பத்துக்கு
பக்கிரியம்மாளுக்கு இரண்டு முறை பணம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது
அடகிலிருந்த தோடு அவர் காதில் இருந்தது.
அதைத் திருப்பி அனுப்ப
என் படத்தில் அம்பு இல்லை.
மூன்று போகத்தில் கழித்துக்கொள்ளச் சொன்னார்.
மோர் வேண்டுமா என்று கேட்டார்.

பழைய நிரலில் இப்படி நடந்ததே இல்லை என்றார் குஞ்சிதபாதம்.
உண்மைதான்.
மழை நாளில் பழைய நிரலில்
எதுவுமே நடந்ததில்லை.

ஜொஹரா ஒரு ரசீதின் பின்பக்கம் எழுதித் தந்தார்:
சீட்டுக்கு ஒரு எண்.
அதே எண் திரும்ப வந்தால்
'முன்பே கொடுத்தாயிற்று' என்று சொல். கொடுக்காதே.
"டோக்கனுக்கு நாங்க செய்யறதுதான்."
அது ஒன்பது வரியில் முடிந்தது.

இப்போது தை. சம்பா.
மாடியறைத் திரையில் சிவப்பாக ஒரு வரி:
இடும்பாவனம், வரவில்லை.
கீழே இருப்பவர் போன் செய்யுமுன்
மேலே இருப்பவர் படிக்கிறார்.
படித்துவிட்டு என்ன செய்வார் என்பது
எந்தச் சேவையிலும் இல்லை.

சாக்குக் கணக்கு மட்டும்
இன்னும் தர்மாம்பாளின் நிரலில்தான் ஓடுகிறது.
அதைத் தொட
எனக்கும் குஞ்சிதபாதத்துக்கும்
ஒரே அளவு பயம்.