ஆடி இல்லாத ஆண்டு

ஒரே கார்னர் பந்து.
புர்க்டோர்ஃப் மைதானம், மழை விட்ட ஞாயிறு.
எங்கள் கோல் காப்பவள் ஃப்ளூரினா முஷ்டியோடு எழும்ப,
நான் நெற்றியோடு எழும்ப,
பந்து இருவருக்கும் அகப்படாமல் வெளியே போய்விட்டது.
தலையும் தலையும்தான் சந்தித்துக்கொண்டன.

தேங்காய் உடைத்த சத்தம் என்றான் அண்ணன்.
சுவிஸ்காரர் வேறேதோ சொன்னார்கள்.
எனக்கு எந்தச் சத்தமும் நினைவில்லை.
கன்னத்தில் புல் குளிர்ந்தது.
யாரோ விரல்களைக் காட்டி எத்தனை என்றார்.
எந்த மொழியில் என்று திருப்பிக் கேட்டேனாம்.

பத்தாம் நாள் ஃப்ளூரினா மெல்ல ஓடினாள்.
இருபதாம் நாள் கையுறை மாட்டினாள்.
எனக்கு இருபதாம் நாள்
குளிர்சாதனப் பெட்டியின் விளக்கே உச்சி வெயில்.
கரண்டி தட்டில் பட்டால் பல் கூசும்.
பேர்ன் போகும் ரயிலில்
ஒரு நிறுத்தம்கூடத் தாங்கவில்லை:
ஜன்னலில் மரங்கள்
நான் இறங்கிய பிறகும் ஓடிக்கொண்டிருந்தன.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனதாம்,
தொலைபேசியில் எல்லோரும் இதையே சொல்கிறார்கள்.
தலைப்பாகை கட்டிக்கொண்டு
யார் ஹெடர் அடித்தது?

டாக்டர் நல்லவர்.
டிசம்பரிலிருந்து பின்னோக்கி
மாதங்களைச் சொல்லுங்கள் என்றார்.
ஜெர்மன் நாவில் வழுக்கியது.
உங்கள் மொழியிலேயே சொல்லலாம் என்றார்.
மார்கழி, கார்த்திகை, ஐப்பசி,
புரட்டாதி, ஆவணி, ஆனி...
தை வரை வந்து நின்றேன்.
நன்று என்று எழுதிக்கொண்டார்.
படியிறங்கும்போதுதான் கண்டேன்,
ஆடியைக் காணவில்லை.
திரும்பிப் போய்ச் சொல்லவில்லை.

மிரியாமுக்கு இது மூன்று தரம் வந்தது.
விளையாட்டை விட்டுவிட்டாள்.
கோட்டுக்கு வெளியே சொசேஜ் சுடுகிறாள்,
மப்பும் மந்தாரத்திலும் கறுப்புக் கண்ணாடி.
மிச்சக் காசை இரண்டு முறை எண்ணித் தருவாள்.
எனக்கு எப்போது சுகமாகும் என்று கேட்டேன்.
"என் தலையைத்தான் எனக்குத் தெரியும்" என்றாள்.
கொஞ்சம் கழித்து,
"அதுவும் அவ்வளவாக இல்லை."

ஃப்ளூரினா இப்போது எழுதி அனுப்புவதில்லை.
குரலாக அனுப்புகிறாள், தணிந்த குரலில்.
தனக்கு ஒன்றுமே இல்லாததுதான்
இரவில் பயமாயிருக்கிறதாம்.
அதற்கு என்ன பதில் சொல்வது?

ஏழாம் வாரம் மைதானத்துக்குப் போனேன்.
தொப்பி, காதில் பஞ்சு,
கோலுக்குப் பின்னால் ஈர வாங்கு.
பந்து கம்பத்தில் மோதியது.
அது என் மண்டைக்குள் எங்கோ
நின்று அதிர்ந்துகொண்டிருக்க,
அவள் திரும்பிப் பார்த்தாள்.

கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்,
ஆடியைப் பற்றிச் சொல்லாதது போலவே.