இடப்பக்க வடம்

பொம்மசந்திராவில் காலை ஷிப்ட்.
தலைக்கு வலை, காலுக்கு உறை,
பதினைந்து நொடி காற்றுக் குளியல்.
அதற்குப் பிறகு
ஓசூரிலிருந்து நின்றுகொண்டே வந்த பஸ்
என்மேல் ஒட்டியிருக்காது.

ஐந்து மில்லிமீட்டர் குழாய்.
அதன் நுனியில் ஒரு மணிக்கட்டு.
தொப்புளோரத் துளை வழியே உள்ளே போய்
டாக்டரின் கை போக முடியாத இடத்தில்
திரும்ப வேண்டியது.
திருப்ப நாலு வடம்:
மேலுக்கு, கீழுக்கு, வலத்துக்கு, இடத்துக்கு.
ஒரு வடத்தில் நாற்பத்தொன்பது இழை.
ஓர் இழை என் தலைமுடியைவிட மெலிசு.
சும்மா சொல்லவில்லை, வைத்துப் பார்த்தேன்.
வலைக்குள்ளிருந்து முடி பிடுங்கியதற்கு
சூப்பர்வைசர் பவானம்மா கத்தினாள்,
கன்னடத்தில் பாதி, எனக்காகத் தமிழில் மீதி.

தளர்வாய்க் கட்டினால்
கைப்பிடி சொல்வது நுனிக்குக் கேட்காது.
இறுக்கிக் கட்டினால் மூட்டு முரண்டு பிடிக்கும்.
நடுவில் ஓர் எண் இருக்கிறது, மீட்டர் காட்டும்.
அதை நம்புகிறேன்.
நம்பிவிட்டு
விரலால் ஒருதரம் சுண்டியும் பார்ப்பேன்.
செயல்முறைத் தாளில் அது இல்லை.

செவ்வாய்க்கிழமை ஒன்று திரும்பி வந்தது.
இரட்டை உறை, சிவப்பு ஸ்டிக்கர்,
ஒரு வரிப் புகார்:
‘இடப்பக்கம் வளைகிறது. திரும்பி வரத் தயங்குகிறது.’
தயங்குகிறது!
பெண் பார்க்க வந்தவனைச் சொல்வதுபோல.

கழுவி, ஆவியில் வேகவைத்து, மறுபடி கழுவி
அனுப்பியிருந்தார்கள்.
எந்த ஊர் வயிறு, ஆணா பெண்ணா,
ஒரு சுவடும் இல்லை.
கைப்பிடியின் அடியில் மட்டும் இருபத்தேழு.
அது நான்.

நுண்ணோக்கியில்
இடப்பக்க வடத்தில் ஓர் இழை அறுந்து
சிலிர்த்து நின்றது.
மற்ற நாற்பத்தெட்டும் பிடித்துக்கொண்டிருந்தன.

முதலில் என் தப்பைத்தான் தேடினேன்.
நசுக்கிய முனை சரி. இழுவிசை சரி.
கட்டிய தேதியைப் பார்த்து
அன்றைக்கு யாரோடு சண்டை, எத்தனை மணிக்குத் தூக்கம் என்று
ஞாபகத்தையும் குடைந்தேன்.
அப்புறம்தான் கண்ணாடியைக் கொஞ்சம் கீழே நகர்த்தினேன்.
வடம் திரும்புகிற துளை,
அதன் உதடு
பிளேடு மாதிரி.

வரைபடத்தில் ‘கூர்மை நீக்குக’ என்றிருக்கிறது.
எவ்வளவு என்று இல்லை.

கண்ணாடி அறையில் சுதன்வா
திரையில் அதைச் சுழற்றிக் காட்டினான்.
அங்கே அந்த விளிம்பு வெண்ணெய்.
“ஐநூறு தடவை வளைச்சோம் மேடம், தாங்கிச்சே.”
“எந்தப் பக்கம்?”
“நாலு பக்கமும். சமமா.”
“டாக்டருக்கு இடப்பக்கமே வேண்டியிருந்தா?”

அவன் பதில் சொல்லவில்லை.
ஆர வட்டம், புள்ளி இரண்டு
என்று தட்டினான்.
தட்டிவிட்டுத் தன் இடது மணிக்கட்டை
மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

படிவத்தில் எல்லாக் கட்டமும் நிரப்பிவிட்டேன்.
காரணம்: துளை விளிம்பு.
கட்டியவர்: இருபத்தேழு.
நோயாளியின் நிலை என்ற கட்டத்தில்
ஆஸ்பத்திரியே தட்டச்சு செய்திருந்தது, ‘தகவல் இல்லை’.
என் பேனா அங்கே
வேலையில்லாமல் கொஞ்ச நேரம் நின்றது.

இனிமேல் ஐநூறும் இடப்பக்கமே வளைப்பார்களாம்,
அதற்கென்று ஒரு மெஷின், வியாழக்கிழமை முதல்.
அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறேன்.
சொன்னால் பவானம்மா கத்துவாள்.

அத்திப்பள்ளி தாண்டித்தான் சீட் கிடைத்தது.
அதுவரை கம்பியைப் பிடித்திருந்த இடது கையை
விரிக்கப் பார்த்தேன்.
உடனே வரவில்லை.