நூறைத் தாண்டாத பேய்

"மீட்டர் பேய் மாதிரி ஓடுது சார்."
காலடிப்பேட்டையில் வீட்டுக்கு வீடு
இந்த ஒரு வரியைக் கேட்டபடிதான் ரீடிங் எடுக்கிறேன்.
மாவு அரைத்து விற்பவர் சொல்வார்,
ரெண்டு ஏசி போட்ட வாத்தியார் சொல்வார்,
மோட்டாரை நிறுத்த மறந்த அக்கா
நான்தான் ஏதோ வைத்துவிட்டேன் என்பதுபோல் முறைப்பாள்.

பேய் இருப்பதாகச் சொல்லும் வீட்டில் மட்டும்
மீட்டர் மனுஷத்தனமாக ஓடுகிறது.

பதினோரு வருஷப் பூட்டு.
கேட்டில் துரு, வாசலில் எருக்கு,
உள்ளே ஒரு பல்புகூடக் கிடையாது.
பிப்ரவரியில் தொண்ணூற்றாறு யூனிட்.
ஏப்ரலில் தொண்ணூற்றெட்டு.
கத்திரி வெயில் ஊரையே தீய்த்த கணக்கிலும்
தொண்ணூற்றேழு.

"அவ ஏவி விட்டுட்டுப் போனது சார், உள்ளதான் இருக்கு"
என்றார் பக்கத்து வீட்டு எத்திராஜுலு,
கையை நீட்டாமல்
தாடையால் காட்டி.

அவள் என்றால் நாகபூஷணம்.
ஆஸ்பத்திரியில் ஆயா.
பிரசவ வார்டுத் துணி அலசி அலசி
சோறு பிசையும்போதும் டெட்டால் வாசம் அடிக்கும் கை.
எத்திராஜுலுவின் கைக்குழந்தைக்கு
ஜன்னி கண்டு கண் செருகிய வாரம்
கொருக்குப்பேட்டையிலிருந்து ஒருவன் வந்து
வாசற்படியைத் தோண்டினான்.
செப்புத் தகடு ஒன்று,
தலைமயிர் சுற்றிய ஆணி ஒன்று.
தகட்டில் மண்ணே ஒட்டவில்லை என்று
பக்கத்தில் நின்று பார்த்த கேபிள்காரர்
இப்போது டீக்கடையில் என்னிடம் சொல்கிறார்.
அன்றைக்கு அவர் வாயில் பாக்கு இருந்ததாம்.
அன்றைக்குத் தெருவே திரண்டு
அவள் கதவில் சாணியைக் கரைத்து ஊற்றியது.
விடிவதற்குள் மீன்பாடி வண்டியில்
ரெண்டு பெட்டி, ஒரு கிரைண்டர், அவள்.
மீஞ்சூர்ப் பக்கம் என்றார்கள்.

எனக்கும் பயம்தான், மறைப்பானேன்.
இடது காலில் கறுப்புக் கயிறு.
ஆயுத பூஜைக்கு எங்கள் ஆபீஸில்
டிரான்ஸ்ஃபார்மருக்கே பூசணிக்காய் உடைப்போம்.
அந்த கேட்டைத் தொடும் முன்
மூன்று முறை துப்பிக்கொள்வேன்.

ஆனால் கேட்டில் தொங்கும் எலுமிச்சை
வெள்ளிக்கு வெள்ளி புதுசாக இருக்கிறது.
மிளகாய்க் காம்பு வாடவில்லை.
அப்புறம் அந்த எண்கள்.
நூறு யூனிட் வரை இலவசம் என்று
எந்தப் பேய்க்குத் தெரியும்?
எந்த முனி ஸ்லாப் பார்த்து ஃபேனை அணைக்கும்?

டார்ச் அடித்தேன்.
அடுப்படி ஜன்னலின் உடைந்த கண்ணாடி வழியே
கறுப்பு வயர் ஒன்று
சாரைப்பாம்பாய்ச் சுவரேறி
முருங்கைக் கிளையில் கொஞ்சம் படுத்து
எத்திராஜுலு வீட்டு மாடிக்குள் போனது.
மேலே ஃபேன் சுழலும் சத்தம்.
செல்போனில் யாரையோ சுட்டுத் தள்ளும் சத்தம்.
ஜன்னி கண்ட பிள்ளை
ஏழாம் வகுப்பு படிக்கிறான் இப்போது.

புகார் எழுதும் முன்
கணக்கில் பதிந்திருந்த நம்பருக்கு அடித்தேன்.
"அம்மா, ஈ.பி.லேர்ந்து பேசறேன், காலடிப்பேட்ட..."

"நூறத் தாண்டிடுச்சா?"

பின்னால் கோழிகள். தூரத்தில் கூட்ஸ் வண்டி.
"இல்லம்மா. தொண்ணூத்தேழு."
"ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா மெசேஜ் வருதில்ல, பாக்கறேன்."
கூட்ஸ் முழுக்கப் போகட்டும் என்று விட்டாள்.
"தாண்டினா சொல்லு தம்பி.
அன்னிக்கு வரேன்."

ஊறப்போட்ட துணியை
நாளைக்கு அலசிக்கலாம் என்பவளின் குரல்.
ஆனி மாத மத்தியான வெயிலில்
நடுத்தெருவில் நின்ற என் முன்கையில்
மயிர் ஒவ்வொன்றாய் எழுந்தது.

மாடியில் யாரோ ஃபேனை நிறுத்தினார்கள்.

அட்டையில் தொண்ணூற்றேழு என்று எழுதினேன்.
எழுதிய எண்ணின் மேலேயே
இன்னொரு முறை
அழுத்தி எழுதினேன்.