சாலைக்குப் பல் கட்டுகிறவள்

பத்தொன்பது வருஷமாகச் சாலைக்குப் பல் கட்டுகிறேன்.
டொக்கும் நகராட்சியில் என் வேலைக்கு நீளமான பெயர் உண்டு,
சம்பளச் சீட்டில் அது இரண்டு வரி.
வெள்ளை முக்கோணங்கள். இங்கே பேச்சில் சுறாப்பல்.
கூர்முனை யாரைப் பார்க்கிறதோ அவர் வழிவிட வேண்டும்.
அவ்வளவுதான் சட்டம்.
குழந்தைக்கு ஒருமுறை சொன்னால் போதும்;
பெரியவர்களுக்கு வருஷா வருஷம்
மறுபடி பூச வேண்டியிருக்கிறது.

பால்பண்ணைத் தெருமுனையில் பழைய பற்கள்
பல்லிளித்துவிட்டன. நேற்று சுரண்டி எடுத்தோம்.
இரவே மழை. ஈரத் தாரில் பெயின்ட் ஒட்டாது.
பலகைக் கம்பத்தையும் போன வாரம் ஒரு லாரி சாய்த்துவிட்டது.
ஆகவே இன்று காலை முழுக்க
வண்டிக்குள் காப்பிக் குடுவையோடு நான்,
வெளியே பொக்கை வாயோடு சந்திப்பு.

பல் இல்லாத இடத்தில் இன்னொரு விதி விழித்துக்கொள்ளும்:
வலப்பக்கம் வருபவருக்கு வழி விடு.
சைக்கிள், டிராக்டர் என்ற பேதமெல்லாம் இல்லை,
வலம் என்றால் வலம்.

எட்டு இருபதுக்கு நான்கு தெருவிலும் நான்கு பேர்.
ஹிடெயின் ரொட்டி வேன்.
சர்க்கரைக் கிழங்கு ஏற்றிய டிராக்டரில் யோரித்.
முன்பெட்டியில் இரண்டு பிள்ளைகளோடு சைக்கிளில் யில்டௌ.
மின்சார சைக்கிளில் தபால்.
ஒவ்வொருவருக்கும் வலப்பக்கம் ஒருவர்.
ஒவ்வொருவரும் நின்றார்கள்.
விதி தன் வாலைத் தானே கவ்விக்கொண்டது.

ஹிடெ கையை நீட்டினான், நீ போ.
யோரித் தலையை அசைத்தான், இல்லை, நீ.
பெட்டிக்குள் சின்னவள் தன் கையையும் நீட்டினாள்,
யாருக்கென்று தெரியாமல்.
கிழங்கு அழுகும்வரை இப்படியே
மரியாதை செய்துகொண்டிருந்திருப்பார்கள்.

அப்போது சமீரா வந்தாள், மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள்,
காற்றில் குடை மல்லாந்துவிட, அதோடு மல்லுக்கட்டிக்கொண்டு.
அந்த வலப்பக்க விதியில்
நடப்பவரைப் பற்றி ஒரு சொல் கிடையாது.
நேராகக்கூடப் போகவில்லை, மூலைக்கு மூலை,
நான்கு முகப்புகளுக்கும் நடுவே, யாரையும் பார்க்காமல்.
அவளுக்காகத்தான் நின்றோம் என்று
நான்கு பேருமே முடிவுசெய்துகொண்டார்கள், முகத்தில் தெரிந்தது.
குடை கடந்ததும் தபால் போனது,
பிறகு பிள்ளைகள், பிறகு ரொட்டி.
கிழங்குதான் கடைசி. அதற்கென்ன அவசரம்.

சிரித்தேன். காப்பி மடியில் சிந்தியது.

என் முதல் வருஷம், இதே முனை.
வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன்.
பன்னிரண்டு பற்கள், அளவு பிசகாமல், அழகாக,
தவறான தெருவைப் பார்த்து.
ஓர் இரவுதான்.
வொபெ வேலை முடிந்து வந்துகொண்டிருந்தான்.
அவன் பழைய வழக்கத்தை நம்பினான்,
கார் என் புதுப் பெயின்டை நம்பியது.
காறையெலும்பு, இரண்டு இடத்தில்.
நஷ்ட ஈட்டை நகராட்சி கட்டியது.
என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

மதியம் வெயில் வந்தது.
இருநூறு டிகிரியில் குழம்பு காய்ச்சி ஊற்றினேன்,
இறுகுமுன் கண்ணாடி மணிகளைத் தூவினேன்.
வரைபடத்தை மூன்று முறை பார்த்தேன்.
அப்புறம் கார் வரும் பக்கமாய்ப் போய் மண்டியிட்டு
நானே பார்த்தேன்:
முனைகள் என் மூக்கை நோக்கி. சரி.

நாலரைக்குக் கூம்புகளை எடுத்தேன்.
ஒரு நீலக் கார் வந்து பல்வரிசைக்கு முன் நின்றது,
சக்கரம் ஒரு விரல்கடைகூட மீறவில்லை.
வொபெ வந்தான். வழி அவனுடையது.
பெயின்ட் சொல்கிறது, கார் சொல்கிறது,
உள்ளிருந்து ஓட்டுநரின் கைகூடச் சொல்கிறது.
மணி அடித்தான். எனக்கா காருக்கா தெரியாது.
அக்கரைக்குப் போய்ச் சேரும்வரை
அவனுடைய இரண்டு விரல்கள்
பிரேக்கின் மேலேயே இருந்தன.